வீட்டு ரவுட்டரில் ஓட்டை போடுவது யார்?

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் சுவரில் ஒரு பெட்டியை மாட்டுவார். வைஃபை பாஸ்வேர்டை போனில் போட்டுக் கொடுப்பார், ஸ்பீடு டெஸ்ட் ஒன்றைக் காட்டுவார், கிளம்பிவிடுவார். ஃபைபர் மோடம் (ஓஎன்டி என்பார்கள்), ரவுட்டர், வைஃபை, ஃபயர்வால் நான்கும் அந்த ஒரே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. முதல் மூன்றும் வேலை செய்கிறதா என்று அவர் பார்த்துவிட்டார். நான்காவதை யாரும் பார்ப்பதில்லை.

ஃபயர்வால் பற்றிக் கேட்டால் பல வீடுகளில் 'கம்ப்யூட்டரில் ஆன்ட்டிவைரஸ் போட்டிருக்கிறோம்' என்றுதான் பதில் வரும். இரண்டும் வேறு வேலைகள். ஆன்ட்டிவைரஸ் கோப்புகளைச் சோதிக்கும். ஃபயர்வால் கோப்பையே பார்க்காது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்த போர்ட் எண்ணுக்கு (ஒரு கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள கதவு எண்) ஒரு பாக்கெட் (தரவின் சிறு துண்டு) போகிறது, அதை விடலாமா என்பது மட்டும்தான் அதன் கவலை.

இதை விளங்கிக்கொள்ள ஒரு சின்ன உதாரணம் போதும். உங்கள் லேப்டாப்பின் முகவரி 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு வங்கியின் தளத்தைத் திறக்கிறீர்கள். லேப்டாப் தன் பக்கம் 51544 போன்ற ஏதோ ஒரு போர்ட்டை எடுத்துக்கொண்டு, வங்கி சர்வரின் 443-ஆம் போர்ட்டுக்கு முதல் பாக்கெட்டை அனுப்பும். அது வெளியே போகும்போதே ரவுட்டர் தன் நினைவில் ஒரு வரி எழுதிக்கொள்ளும்: உள்ளே இன்ன முகவரி, இன்ன போர்ட், வெளியே இன்ன முகவரி, இன்ன போர்ட். பதில் வரும்போது அந்த வரியோடு ஒப்பிட்டு, பொருந்தினால் லேப்டாப்புக்கு அனுப்பும். எந்த வரியோடும் பொருந்தாமல் வெளியிலிருந்து தானாக வந்து நிற்கும் பாக்கெட் குப்பைக்குப் போய்விடும். ஆக, வீட்டு ஃபயர்வால் கேட்பது ஒரே கேள்விதான்: பேச்சை முதலில் தொடங்கியது யார்? உள்ளே இருப்பவர் தொடங்கினால் சரி, வெளியே இருப்பவர் தொடங்கினால் கிடையாது.

அந்த வரிகளுக்கு ஆயுள் உண்டு. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களுக்குள் ஓடுவது லினக்ஸ். அதிலுள்ள நெட்ஃபில்டர் என்ற பகுதிதான் இந்தப் பட்டியலைப் பராமரிக்கிறது. யுடிபி வகைப் போக்குவரத்துக்கு (இணைப்பு ஏற்படுத்தாமலே தரவை அனுப்பும் முறை) பதிலே வராவிட்டால் 30 நொடியில் வரி அழிந்துவிடும். டிசிபி (முதலில் இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு அனுப்பும் முறை) இணைப்பு அசைவில்லாமல் கிடந்தால் லினக்ஸின் இயல்பு அளவு 5 நாள், ரவுட்டர் தயாரிப்பாளர்கள் அதைப் பெரும்பாலும் நன்றாகக் குறைத்துவிடுவார்கள். டாரண்ட் போன்ற ஒரு செயலி ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் திறந்து பட்டியலை நிரப்பிவிட்டால் புதிய வரிகளுக்கு இடமிருக்காது. சிக்னல் முழுதாக இருந்தும் எந்தப் பக்கமும் திறக்காமல், ரவுட்டரை அணைத்துப் போட்டதும் சரியாகிவிடும் சில கோளாறுகளுக்குக் காரணம் இதுதான்.

இந்த ஏற்பாடு எளிமையானது, ஆனால் மிக வலுவானது. வெளியிலிருந்து ஒருவர் இதைத் தானாக உடைத்துக்கொண்டு வருவது அபூர்வம். வீடுகளில் நடக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை, உள்ளே இருக்கும் யாரோ திறந்துவைத்த வழியாகத்தான் நுழைகின்றன. கேமரா போட வந்தவர் திறந்திருப்பார், கேம் கன்சோல் திறந்திருக்கும், இல்லையென்றால் பெட்டி தொழிற்சாலையிலிருந்தே திறந்த நிலையில் வந்திருக்கும். அதனால் 'நல்ல ஃபயர்வால் எது வாங்கலாம்' என்று தேடுவதற்கு முன், இருக்கும் ஃபயர்வாலில் என்னென்ன திறந்திருக்கிறது என்று பாருங்கள். அதற்குச் செலவே கிடையாது.

கேமராவும் டிவிஆரும்

தமிழ்நாட்டு வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது சிசிடிவி டிவிஆரைத்தான் (கேமராப் படத்தைப் பதிவுசெய்யும் பெட்டி). நான்கு கேமரா, ஒரு டிவிஆர், அதை மொபைலில் எங்கிருந்தும் பார்க்க வேண்டும். கேமரா போடுபவருக்குத் தெரிந்த பழைய வழி போர்ட் ஃபார்வர்டிங். ரவுட்டருக்குள் போய், 'வெளியிலிருந்து 8000-ஆம் போர்ட்டுக்கு யார் வந்தாலும் டிவிஆருக்கு அனுப்பு' என்று ஒரு விதி எழுதிவிடுவார். ஹிக்விஷன் டிவிஆர் என்றால் 8000, டாவா என்றால் 37777, சியோங்மாய் நிறுவனத்தின் சர்க்யூட் பலகை வைத்த மலிவு டிவிஆர்கள் என்றால் 34567. கூடவே வெப் பக்கத்துக்கு 80, வீடியோவுக்கு 554. அந்த நிமிடத்திலிருந்து ஃபயர்வாலின் கேள்வி அந்த போர்ட்டுகளுக்குப் பொருந்தாது. உலகத்தில் யார் பேச்சைத் தொடங்கினாலும் டிவிஆர் பதில் சொல்லும்.

டிவிஆரின் பாஸ்வேர்ட் வலுவாக இருந்தால் போதாதா? போதாது. 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் கேமராக்கள், ரெக்கார்டர்கள் பலவற்றில் ஒரு குறை வெளியானது. சிவிஇ-2021-36260 என்பது அதன் எண், தீவிரம் 10-க்கு 9.8. அதன் வெப் பக்கத்தை எட்ட முடிந்த யாரும் பாஸ்வேர்டே இல்லாமல் சாதனத்தை முழுதாகக் கைப்பற்றலாம். நிறுவனம் திருத்திய ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) வெளியிட்டது. ஆனால் சுவரில் ஒருமுறை மாட்டிய டிவிஆரின் ஃபர்ம்வேரை அப்புறம் யார் புதுப்பிக்கிறார்கள்? போர்ட் திறக்காத வீட்டில் இருந்த அதே மாடல் கேமராவுக்கு, இன்டர்நெட்டிலிருந்து இந்தக் குறையால் ஆபத்து வரவில்லை. ஒரே ஒரு விதி இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

சிலர் 'போர்ட் எண்ணை மாற்றிவிட்டேன், 8000-க்குப் பதில் 9123 வைத்திருக்கிறேன்' என்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் இசட்மேப் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். ஒரு ஜிகாபிட் இணைப்பும் ஒரே ஒரு கணினியும் இருந்தால், ஐபிவி4 (இன்டர்நெட்டின் பழைய வகை) முகவரிகள் அத்தனையையும் ஒரு போர்ட்டுக்காகச் சோதிக்க அதற்கு 45 நிமிடம் போதும். உங்கள் வீட்டை யாரும் குறிவைக்க வேண்டியதில்லை. மொத்த முகவரிகளையும் இயந்திரங்கள் இரவு பகலாக வரிசையாகச் சோதித்துக்கொண்டே இருக்கின்றன. போர்ட் எண்ணை மாற்றினால் கொஞ்சம் சத்தம் குறையும், அவ்வளவுதான்.

இப்படித்தான் 2016-இல் மிராய் என்ற மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) பரவியது. கேமராக்கள், டிவிஆர்கள், ரவுட்டர்கள் ஆகியவற்றின் 23, 2323 என்ற டெல்நெட் (தொலைவிலிருந்து சாதனத்துக்குள் நுழையும் பழைய வழி) போர்ட்டுகளைத் தேடிப்போய், தொழிற்சாலையில் வைத்த 60-க்கும் மேற்பட்ட யூசர்நேம் - பாஸ்வேர்ட் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அதில் வித்தை எதுவும் இல்லை. அப்படிச் சிக்கிய சாதனங்களை வைத்து 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் ஜூலையில் நம் நாட்டிலேயே பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் மால்வேர் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல வாடிக்கையாளர்களின் இணைப்பு நின்றுபோனது. இயல்பு பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த மோடம்கள் அவை. மாற்றச் சொல்லி அந்த நிறுவனமே அறிவிக்க வேண்டியிருந்தது.

உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறதா?

எல்லா வீட்டிலும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால், பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கிவைக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (வெளிப்பக்க முகவரி) என்று போட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கென்று பொது முகவரி இருக்கிறது. வேறாக இருந்தால், அதுவும் வான் ஐபி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள்.

சிஜிநாட்டுக்குள் இருப்பது ஒரு வகையில் பாதுகாப்புதான், வெளியிலிருந்து ஐபிவி4 வழியாக யாரும் உங்கள் பெட்டியை நேராக எட்ட முடியாது. ஆனால் அதே நிறுவனத்தின் மற்ற வாடிக்கையாளர்கள் எட்ட முடியுமா என்பது அவர்கள் தங்கள் நெட்வொர்க்கை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டை மாற்றாமல் விட இது காரணமாகாது. இன்னொன்று: கேமராக்காரர் 'இதில் மொபைலில் வராது, ஸ்டாடிக் ஐபி (மாறாத பொது முகவரி) வாங்கிக்கொள்ளுங்கள்' என்பார். பணம் கட்டி வாங்கினால் உங்கள் பெட்டியை வெளியிலிருந்து யாரும் நேராக எட்டலாம் என்ற நிலையும் கூடவே வரும். கேமரா பார்ப்பதற்கு மட்டும் ஸ்டாடிக் ஐபி வாங்காதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

புதிய வகை முகவரியான ஐபிவி6 தனிக் கதை. அதில் முகவரிப் பஞ்சம் இல்லாததால் வீட்டிலிருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் உலகம் முழுதும் செல்லுபடியாகும் முகவரி ஒன்று கிடைக்கும். முகவரியை மாற்றிக்கொடுக்கும் நாட் வேலை அங்கே தேவையில்லை. 'நாட் இருக்கிறதே, அதுதான் ஃபயர்வால்' என்று நினைத்திருப்பவர்கள் தடுமாறும் இடம் இது. நாட் செய்யும் வேலை முகவரியை மாற்றுவது. வேண்டாததைத் தடுப்பது அதன் பக்கவிளைவு. ஐபிவி6-இல் அந்தப் பக்கவிளைவு கிடைக்காது, ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால்தான் தடுக்க வேண்டும். அதனால் செக்யூரிட்டி பக்கத்தில் ஐபிவி6 ஃபயர்வால் என்று தனி வரி இருந்தால் அது எனேபிள் ஆகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால், உங்கள் பிரிண்டரின் ஐபிவி6 முகவரியைக் குறித்துக்கொண்டு, ஐபிவி6 உள்ள மொபைல் டேட்டாவிலிருந்து அதைப் பிரவுசரில் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுத் திறந்து பாருங்கள். பிரிண்டரின் பக்கம் வந்துவிட்டால் ஃபயர்வால் தடுக்கவில்லை என்று பொருள். ரவுட்டரில் தடுக்க வழியில்லாதபட்சத்தில் ஐபிவி6-ஐ அணைத்துவைப்பதே மேல்.

ரவுட்டருக்குள் போய் என்ன பார்ப்பது

பெட்டியின் அடியிலுள்ள ஸ்டிக்கரில் முகவரி, யூசர்நேம், பாஸ்வேர்ட் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால், விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் வரும். நிறுவனம் கொடுத்த ஓஎன்டிகளில் பெரும்பாலும் இரண்டு கணக்குகள் உண்டு. ஸ்டிக்கரில் இருப்பது சாதாரணக் கணக்கு, அதில் பாதி மெனு தெரியாது. போர்ட் ஃபார்வர்டிங் பக்கம் கண்ணில் படவில்லை என்பதால் விதி எதுவும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வாடிக்கையாளர் சேவையிலோ, உங்கள் லோக்கல் கேபிள் ஆபரேட்டரிடமோ அட்மின் கணக்கைக் கேளுங்கள். தர மறுத்தால் 'போர்ட் ஃபார்வர்டிங், டிஎம்இசட், ரிமோட் மேனேஜ்மென்ட் மூன்றிலும் என்ன இருக்கிறது' என்று அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

உள்ளே போனதும் முதல் வேலை அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. வைஃபை பாஸ்வேர்ட் வேறு, இது வேறு. இதை மாற்றி, பெட்டிக்கு அடியிலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டினாலும் தப்பில்லை, உங்கள் வீட்டுக்குள் வந்து பெட்டியைக் கழற்றிப் பார்ப்பவரைப் பற்றி இப்போது நமக்குக் கவலை இல்லை.

அடுத்து போர்ட் ஃபார்வர்டிங் பக்கம். சில மாடல்களில் விர்ச்சுவல் சர்வர் என்றும், சிலவற்றில் போர்ட் மேப்பிங் என்றும் இருக்கும். அங்கே ஒவ்வொரு வரியும் எதற்கு என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். சொல்ல முடியாததை டிசேபிள் செய்யுங்கள், உடனே அழிக்க வேண்டாம். ஒரு வாரம் எதுவும் நிற்கவில்லை என்றால் அழித்துவிடலாம். டிஎம்இசட் என்ற பக்கத்தில் ஏதாவது முகவரி இருந்தால் அதை உடனே எடுத்துவிடுங்கள். அது 'மற்ற விதிகளில் சிக்காத எல்லா போர்ட்டையும் இந்த ஒரே சாதனத்துக்கு அனுப்பு' என்று சொல்வது. போர்ட் ஃபார்வர்டிங் சரியாக வராதபோது சிலர் அவசரத்துக்கு டிவிஆரை இதில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

யுபிஎன்பி அதைவிட நயமான ஓட்டை. உள்ளே இருக்கும் எந்தச் சாதனமும் யாரிடமும் கேட்காமல், பாஸ்வேர்டும் இல்லாமல், ரவுட்டரிடம் போர்ட் திறக்கச் சொல்லலாம் என்ற வசதி அது. கேம் கன்சோல் போன்றவற்றுக்கு உதவும். டிவிஆரும் கேட்கும், லேப்டாப்பில் புகுந்த மால்வேரும் கேட்கும், ரவுட்டர் எல்லோருக்கும் திறந்துவிடும். இப்படித் திறந்தவை போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் தெரியாமல் யுபிஎன்பி பக்கத்தின் தனிப் பட்டியலில் மட்டும் தெரியும் மாடல்கள் உண்டு. இதை அணைத்தால் என்ன நிற்கும்? எக்ஸ்பாக்ஸ் போன்றவற்றில் நாட் டைப் 'ஸ்ட்ரிக்ட்' என்று காட்டி, சில ஆட்டங்களில் நண்பரோடு சேர முடியாமல் போகலாம். வாட்ஸ்அப் கால், ஜூம், யூடியூப், ஓடிடி எதுவும் நிற்காது. அணைத்துவிடுங்கள். விளையாடுகிறவர் வீட்டில் இருந்தால் அந்தக் கன்சோலுக்கு மட்டும், அந்த ஆட்டம் கேட்கும் போர்ட்டைக் கையால் திறந்து கொடுங்கள்.

ரிமோட் மேனேஜ்மென்ட் அல்லது ஆக்சஸ் கன்ட்ரோல் என்ற பக்கத்தில், வான் பக்கத்திலிருந்து ஹெச்டிடிபி, டெல்நெட், எஸ்எஸ்ஹெச் அனுமதி என்று டிக் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். டிஆர்-069 என்று ஒன்று இருக்கும், அதைத் தொட வேண்டாம். நிறுவனம் அதன் வழியாகத்தான் உங்கள் பெட்டிக்கு அமைப்புகளை அனுப்புகிறது. அதுவும் பிரச்சினைக்கு அப்பாற்பட்டதில்லை. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் ரவுட்டர்கள் முடங்கியது, அந்த நிர்வாக வழிக்கான 7547-ஆம் போர்ட்டைக் குறிவைத்த மிராய் வகையால்தான். ஆனால் அதைக் காப்பது நிறுவனத்தின் பொறுப்பு. நீங்கள் அணைத்தால் இணைப்பே நின்றுபோகலாம்.

ஃபயர்வால் லெவல் லோ, மீடியம், ஹை என்று கேட்கும் பெட்டிகள் உண்டு. ஹை வைத்தால் கூடுதல் பாதுகாப்பு என்று எல்லோருக்கும் தோன்றும். பல மாடல்களில் ஹை என்பது உள்ளிருந்து வெளியே போவதையும் வெட்டும், சில போர்ட்டுகளை மட்டும் விடும். அப்போது வீடியோ கால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும், அலுவலக விபிஎன் (வெளியிலிருந்து ஒரு நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான வழி) சேராது, 'நெட் சரியில்லை' என்று நிறுவனத்துக்கு போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள். மீடியம் வையுங்கள். ஏதாவது நின்றால் லோ. வெளியிலிருந்து தானாக வருவதை லோவும் தடுக்கிறதா என்பதை அடுத்துச் சொல்லும் சோதனை காட்டிவிடும்.

சோதனைக்குப் பழைய, நம்பகமான வழி கிப்சன் ரிசர்ச் நிறுவனத்தின் ஷீல்ட்ஸ்அப். இலவசம். முதல் 1056 போர்ட்டுகளை அது வெளியிலிருந்து சோதித்து ஓபன், க்ளோஸ்டு, ஸ்டெல்த் என்று நிறத்தில் காட்டும். ஓபன் மட்டும்தான் பிரச்சினை. க்ளோஸ்டு என்றால் 'இங்கே யாரும் இல்லை' என்று பதில் அனுப்பியது, ஸ்டெல்த் என்றால் பதிலே அனுப்பவில்லை, இரண்டுமே பத்திரம். டிவிஆர் போர்ட்டுகள் 1056-க்கு மேலே இருப்பதால் 8000, 34567, 37777 போன்றவற்றைத் தனியாக எண் கொடுத்துச் சோதிக்க வேண்டும். சிஜிநாட்டுக்குள் இருப்பவர்களுக்கு இந்தச் சோதனையால் பயனில்லை. அது சோதிப்பது உங்கள் நிறுவனத்தின் கருவியை, உங்கள் பெட்டியை அல்ல.

கேமராவை வெளியிலிருந்து எப்படித்தான் பார்ப்பது

மூன்று வழிகள். முதலாவதான போர்ட் ஃபார்வர்டிங்கை விட்டுவிடுவோம். இரண்டாவது, கேமரா நிறுவனத்தின் பி2பி கிளவுட்: டிவிஆரின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் மொபைலில் வந்துவிடும். இதில் டிவிஆரே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு பேச்சைத் தொடங்குவதால் எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம், சிஜிநாட்டிலும் வேலை செய்யும். பதிலுக்கு அந்த சர்வரை நடத்துபவரை நீங்கள் நம்பியாக வேண்டும். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிக்கு நான் அந்த நம்பிக்கையைக் கொடுக்க மாட்டேன்.

மூன்றாவது விபிஎன். உங்களுக்குப் பொது முகவரி இருந்து ரவுட்டரில் வயர்கார்ட் என்ற விபிஎன் வசதி இருந்தால் அதையே வையுங்கள். யுடிபி 51820 என்ற ஒரே போர்ட். சரியான சாவி இல்லாதவர் அதைச் சோதித்தால் வயர்கார்ட் பதிலே சொல்லாது, போர்ட் இருப்பதே தெரியாது. சிஜிநாட் என்றால் டெயில்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன் சேவை. வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலோ போட்டு, வீட்டு நெட்வொர்க்கை அதன் வழியாகப் பகிரும்படி அமைத்தால், மொபைலிலிருந்து டிவிஆரின் உள்முகவரிக்கே நேராகப் போகலாம். ஒருமுறை அமைக்க ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரம் தகும்.

புதிதாகக் கேமரா வாங்குகிறவர்களுக்கு: 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசின் எஸ்டிக்யூசி அமைப்பின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். கடையில் அந்தச் சான்று உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

உள்ளேயும் ஒரு சுவர்

வெளிச்சுவர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், உள்ளே எல்லாச் சாதனமும் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்று கெட்டதும் மற்றவற்றை எட்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற மால்வேர் பரவியதே விண்டோஸின் கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட் வழியாக. ஒரு அலுவலகத்தில் ஒரு கணினி சிக்கினால் அதே நெட்வொர்க்கில் இருந்த மற்றவை வரிசையாகச் சிக்கின. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை அந்த மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

எளிய வழி கெஸ்ட் வைஃபை (விருந்தினருக்கான தனி வைஃபை). ஸ்மார்ட் டிவி, வைஃபை பல்பு, கேமரா, வீட்டுக்கு வருபவர்களின் போன் எல்லாம் அதில். ஆனால் சில விஷயங்கள் நின்றுபோகும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மொபைல் மெயின் வைஃபையிலும் டிவி கெஸ்டிலும் இருந்தால் காஸ்ட் பொத்தான் வராது, ஏனென்றால் டிவியைத் தேடும் செய்தி ஒரு நெட்வொர்க்கைத் தாண்டிப் போகாது. பிரிண்டருக்கும் அதே கதை, அதை மெயினிலேயே வையுங்கள்.

ஓஎன்டியில் கெஸ்ட் வசதி இல்லாதவர்கள், சொந்த ரவுட்டர் ஒன்றை அதற்குப் பின்னால் போடலாம். ஓஎன்டியின் லான் போர்ட்டிலிருந்து புதிய ரவுட்டரின் வான் போர்ட்டுக்கு ஒரு கேபிள் (இங்கே போர்ட் என்பது கேபிள் செருகும் துளை). டிவியும் கேமராவும் ஓஎன்டியின் வைஃபையில், லேப்டாப்பும் போன்களும் புதிய ரவுட்டரில். பின்னால் இருப்பவை முன்னால் இருப்பவற்றை எட்டலாம், முன்னால் இருக்கும் கேமரா பின்னால் இருக்கும் லேப்டாப்பை எட்ட முடியாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுவார்கள், கேமராவை உள்ளே வைத்து லேப்டாப்பை வெளியே விட்டுவிடுவார்கள். இன்னொரு வழக்கமான கோளாறு: இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்ற முகவரியிலேயே இருந்தால் நெட் வராது. புதிய ரவுட்டரை 192.168.50.1 என்று மாற்றிவிட்டுப் பிறகு கேபிளைச் செருகுங்கள்.

வைஃபை பாஸ்வேர்டாக மொபைல் நம்பரை வைக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை, மொத்தம் 400 கோடி வாய்ப்பு. டபிள்யூபிஏ2 (ஒரு வைஃபை பாதுகாப்பு முறை) வைஃபையில் ஒரு போன் இணையும்போது நடக்கும் கைகுலுக்கலை, அதாவது பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பேச்சை, தெருவில் நின்று பதிவுசெய்துகொண்டு போய்விட்டால், பிறகு உங்கள் வீட்டருகே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும். 400 கோடிக்கு 4,000 நொடி, ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை. தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து, 20 எழுத்துக்கு மேல் வையுங்கள். சொல்வதற்கு எளிது, கண்டுபிடிப்பதற்குக் கடினம். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 இருந்தால் நல்லது, பழைய சாதனம் சேரவில்லை என்றால் டபிள்யூபிஏ2 - ஏஇஎஸ். டிகேஐபி என்ற பழைய வகை வேண்டாம்.

டபிள்யூபிஎஸ் (வைஃபை பாஸ்வேர்ட் போடாமலே சாதனத்தை இணைக்கும் வசதி) பொத்தானையும் அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்கப் பின் நம்பரில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். மீதி 7 இலக்கத்தை ரவுட்டர் 4 ஆகவும் 3 ஆகவும் பிரித்துத் தனித்தனியாகச் சரி, தப்பு என்று சொல்லிவிடுகிறது. ஒரு கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் 10,000-மும் 1,000-மும் சேர்த்து 11,000 போதும். இந்தக் குறை 2011 டிசம்பரிலேயே வெளியானது. புதிய பெட்டிகள் சில தப்பான முயற்சிக்குப் பின் பூட்டிக்கொள்ளும், ஆனாலும் தேவையில்லாத ஒரு கதவு எதற்கு?

லேப்டாப்பில் விண்டோஸ் ஃபயர்வாலை யாரும் அணைக்க வேண்டாம். ஏதோ ஒரு கணக்கு மென்பொருள் வேலை செய்யவில்லை என்று அணைத்துவிட்டு மறந்துபோன கணினிகள் எத்தனையோ. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபயர்வால் பக்கத்தைத் திறந்தால் டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்றும் ஆன் என்று இருக்க வேண்டும். வீட்டு வைஃபை பிரைவேட், ரயில் நிலையம், ஹோட்டல், ஹாஸ்டல் வைஃபை எல்லாம் பப்ளிக். பிரிண்டர் பகிர்வு, கோப்புப் பகிர்வு எதுவும் வீட்டில் இல்லையென்றால் வீட்டையும் பப்ளிக் என்றே வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் குறையாது. புதிய மென்பொருள் ஒன்று 'அனுமதிக்கவா' என்று கேட்கும் பெட்டியில் பப்ளிக் டிக்கை எடுத்துவிட்டு அனுமதியுங்கள். மேக்கில் ஃபயர்வால் இயல்பாக அணைந்தே இருக்கும். சிஸ்டம் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஃபயர்வால் என்று போய் ஆன் செய்ய வேண்டும்.

ஃபயர்வாலால் ஆகாதது ஒன்று உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் 'ஆர்டிஓ சலான்', 'கல்யாணப் பத்திரிகை' என்று வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) ஒருவர் தட்டி நிறுவினால், அந்தச் செயலி உள்ளிருந்து வெளியே பேச்சைத் தொடங்கும். வங்கி ஊழியர் என்று சொல்லி ஸ்கிரீன் பகிரச் சொல்பவரும் அப்படித்தான் நுழைகிறார். உள்ளிருந்து தொடங்கிய பேச்சை ஃபயர்வால் தடுக்காது, அது தன் விதிப்படி சரியாகவே நடந்துகொள்கிறது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும், ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

ஒரு சாதனம் ஏற்கெனவே சிக்கியிருக்கிறது என்று சந்தேகம் வந்தால், உதாரணத்துக்கு யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் டிவிஆர் மணிக்கணக்கில் அப்லோடு செய்துகொண்டே இருந்தால், வரிசை முக்கியம். முதலில் அதன் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். பிறகு ரவுட்டரில் போர்ட் விதியை அழியுங்கள், யுபிஎன்பியை அணையுங்கள். அதற்கப்புறம் டிவிஆரை அணைத்துப் போட்டு, ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, பாஸ்வேர்டை மாற்றிவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். மிராய் போன்றவை நினைவகத்தில் மட்டும் வாழ்வதால் அணைத்துப் போட்டதும் போய்விடும், ஆனால் போர்ட்டும் பழைய பாஸ்வேர்டும் அப்படியே இருந்தால் சில நிமிடத்திலேயே மறுபடி தொற்றிக்கொள்ளும். 2018 மே மாதம் 54 நாடுகளில் 5 லட்சம் சாதனங்களில் கண்டுபிடிக்கப்பட்ட விபிஎன்ஃபில்டர் போன்ற மால்வேர்கள் அணைத்தாலும் போகாது, அவற்றுக்குப் பெட்டியின் பின்னால் உள்ள ரீசெட் துளையில் ஊசியை வைத்து 10 முதல் 15 நொடி அழுத்தி ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். நிறுவனம் கொடுத்த ஓஎன்டியாக இருந்தால் அதற்கு முன் லாகின் விவரங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆள் வரும்வரை நெட் இருக்காது.

ரீசெட் செய்தாலும், இடி மின்னலில் போய் நிறுவனம் புதுப் பெட்டி மாட்டினாலும் நீங்கள் செய்த மாற்றம் எதுவும் இருக்காது. அட்மின் பாஸ்வேர்ட், யுபிஎன்பி, டபிள்யூபிஎஸ், ஐபிவி6 ஃபயர்வால் நான்கையும் ஆள் கிளம்புவதற்கு முன்பே, அவரை வைத்துக்கொண்டே பார்த்துவிடுங்கள். அட்மின் கணக்கு அப்போது அவர் கையில் இருக்கும்.